மண்வெட்டி ஏந்திய அமைதிப் படை: ஐரோப்பியத் தன்னார்வப் பணிக்கு வித்திட்ட பியேர் செரெசோல்

நாயுடுபேட்டை, டிச. 5: ஆண்டுதோறும் டிசம்பர் 5-ஆம் தேதி உலகத் தன்னார்வலர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1985-ஆம் ஆண்டு இந்நாளை அறிவித்தது. ஓர் ஐரோப்பிய நாட்டு இளைஞர் அண்டை நாட்டுக்குச் சென்று, ஊதியம் பெறாமல் உணவும் தங்குமிடமும் மட்டும் பெற்றுக்கொண்டு, அந்நாட்டு மக்களோடு உழைத்துத் திரும்புவது இன்று அங்கு இயல்பான ஒன்றாகிவிட்டது. நூறாண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறு. அக்காலத்தில் ஐரோப்பிய இளைஞர்கள் அண்டை நாட்டுக்குள் பெருந்திரளாக நுழைந்தது துப்பாக்கியுடன்தான். அந்த வழியை மாற்ற முயன்றவர்களுள் முதன்மையானவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பியேர் செரெசோல். ஐரோப்பாவில் அவர் தொடங்கிய பணி, 1934-ல் பீகார் நிலநடுக்கத்தை அடுத்து இந்திய மண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

திருப்பதி மாவட்டத்தில் சுவர்ணமுகி ஆற்றையொட்டி வாழும் மக்களுக்கு அவரது வாழ்க்கைக் கதை எளிதில் விளங்கும். 2021 நவம்பரில் பெய்த பெருமழையால் அந்த ஆறு கரைபுரண்டது. வெள்ளம் வடிந்த பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது என்பதை ஆற்றங்கரை ஊர்கள் நன்கு அறியும். வீட்டுக்குள் புகுந்த சேற்றை அள்ள வேண்டும், வயலில் படிந்த மணலை அகற்ற வேண்டும், அறுந்துபோன பாதையை மீட்க வேண்டும். அத்தகைய வேலையைத்தான் செரெசோல் தமது கொள்கையின் கருவியாகத் தேர்ந்தெடுத்தார்.

தளபதியின் மகன்

பியேர் செரெசோல் 1879 ஆகஸ்ட் 17-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை பால் செரெசோல் நாடறிந்த அரசியல் தலைவர். 1873-ஆம் ஆண்டு சுவிஸ் கூட்டாட்சியின் தலைவர் பதவியை வகித்தவர். பின்னாளில் அந்நாட்டு ராணுவத்தில் உயர்நிலைத் தளபதியாகவும் இருந்தவர். குடும்பத்தில் ராணுவச் சேவை ஒரு பெருமையாகவே கருதப்பட்டது. பியேரின் சகோதரர் எர்னஸ்ட்டும் ராணுவத்தில் கர்னல் பதவி வரை உயர்ந்தார்.

சூரிச் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பொறியியல் பயின்ற பியேர், ஜெர்மனியிலும் உயர்கல்வி கற்று முனைவர் பட்டம் பெற்றார். கல்வித்துறையில் அவருக்கு நல்ல எதிர்காலம் காத்திருந்தது. ஆயினும் அவர் அதை விடுத்து 1909-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அங்கும் ஹவாய்த் தீவுகளிலும் உடலுழைப்பு உள்ளிட்ட பல வேலைகளைச் செய்தார். பின்னர் ஜப்பானில் பொறியாளராகப் பணியாற்றினார். கையால் உழைப்பவரின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை நேரில் அறிந்துகொண்டு, 1914-ல் தாயகம் திரும்பினார்.

அவர் திரும்பிய அதே ஆண்டில் முதலாம் உலகப்போர் வெடித்தது. சுவிட்சர்லாந்து நடுநிலை வகித்தாலும், ஆண்கள் அனைவருக்கும் ராணுவச் சேவை கட்டாயமாக இருந்தது. உடல்நலக் காரணங்களால் விலக்குப் பெற்றவர்கள் அதற்கு ஈடாக ராணுவ வரி செலுத்த வேண்டும். செரெசோல் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர். ஜான் போத்ரா என்ற பள்ளி ஆசிரியர் மனசாட்சியின் பேரில் ராணுவச் சேவையை மறுத்துச் சிறை சென்ற செய்தி அவரை உலுக்கியது. ஓர் எளிய ஆசிரியர் சிறையில் இருக்கும்போது, தாம் வரியைச் செலுத்திவிட்டு அமைதியாக இருப்பது நேர்மையாகாது என்று அவர் முடிவு செய்தார். வரி செலுத்த மறுத்துச் சிறைத் தண்டனை பெற்றார். அதன் பின்னர் வாழ்நாள் முழுவதும் அதே காரணத்துக்காக மீண்டும் மீண்டும் சிறை சென்றார். தந்தை வழியில் கிடைத்த சொத்தையும், தாம் உழைத்து ஈட்டாதது என்று கூறி, அரசிடமே ஒப்படைத்தார்.

முதல் முகாமும் முதல் தோல்வியும்

போர் முடிந்த பின்னர், 1919-ல் நெதர்லாந்தின் பில்தோவன் நகரில் பல நாட்டு அமைதி ஆர்வலர்கள் கூடினர். அக்கூட்டத்தில் உருவான சர்வதேச நல்லிணக்கக் கூட்டமைப்பின் முதல் செயலாளராக செரெசோல் பொறுப்பேற்றார். மறு ஆண்டு நடைபெற்ற மாநாட்டில் பேச்சுகளும் தீர்மானங்களும் நீண்டுகொண்டே சென்றன. அப்போது ஜெர்மானியர் ஒருவர் எழுந்து, தமது நாட்டுப் படைகள் அழித்த பிரெஞ்சு மண்ணில் தம் கையாலேயே சீரமைப்புப் பணி செய்ய விரும்புவதாகக் கூறினார். அந்த வேண்டுகோளைச் செயலாக்கும் பொறுப்பை செரெசோல் ஏற்றார்.

பிரான்சின் வெர்தூன் நகருக்கு அருகே உள்ள எஸ்ன் என்ற சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1916-ஆம் ஆண்டுப் போரில் அவ்வூர் தரைமட்டமாகியிருந்தது. 1920 நவம்பரில் செரெசோலும், ஆங்கிலேயரான ஹூபர்ட் பாரிஸும் அங்கு முகாம் அமைத்தனர். ஜெர்மானியர் உள்ளிட்ட சில தன்னார்வலர்கள் அவர்களுடன் இணைந்தனர். குண்டுகள் விழுந்த குழிகளை மூடுதல், சாலைகளைச் செப்பனிடுதல், ஊர் திரும்பிய குடும்பங்களுக்குத் தற்காலிகக் குடிசைகள் எழுப்புதல் ஆகிய பணிகள் நடைபெற்றன.

அந்த முகாம் ஐந்து மாதங்களே நீடித்தது. வெர்தூன் களத்தில் இருதரப்பிலும் லட்சக்கணக்கானோர் மடிந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜெர்மானியர் அங்கு இருப்பதை அதிகாரிகளால் ஏற்க இயலவில்லை. ஜெர்மானியரை விலக்கினால் பணியைத் தொடரலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் அவர்களை விலக்கினால் முகாமுக்கு அர்த்தமே இல்லாமல் போகும். எனவே 1921 வசந்த காலத்தில் குழுவினர் அனைவரும் வெளியேறினர். எண்ணிக்கையில் பார்த்தால் அது ஒரு தோல்வி. ஆயினும் பகைவராக நின்ற இரு நாட்டினர் ஒரே குழியை மூட முடியும் என்பதை அந்தக் குளிர்காலம் காட்டியிருந்தது.

கர்னலும் கைதியும் ஒரே களத்தில்

சுவிட்சர்லாந்து திரும்பிய செரெசோலும் நண்பர்களும், ராணுவச் சேவைக்கு மாற்றாகக் குடிமைச் சேவை செய்யும் உரிமையை மனசாட்சி மறுப்பாளர்களுக்கு வழங்குமாறு கோரினர். ஏறத்தாழ 40,000 கையெழுத்துகளுடன் அளிக்கப்பட்ட மனுவை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. சட்டம் வழிவிடாத நிலையில், அத்தகைய சேவை எப்படி இருக்கும் என்பதைச் செயலில் காட்ட அவர் முனைந்தார்.

1924-ல் வோ மாநிலத்தின் மலைச் சிற்றூரான வேர்-லெக்லீஸில் பனிச்சரிவு ஏற்பட்டது. மேய்ச்சல் நிலங்களை மூடிய பாறைகளையும் முறிந்த மரங்களையும் அகற்றத் தன்னார்வலர் குழு ஒன்று அங்கு சென்றது. அக்குழுவின் பணி ஒழுங்கைக் கவனித்தவர் சகோதரர் எர்னஸ்ட். பணியில் இருந்த ராணுவ கர்னல். ராணுவ வரி செலுத்த மறுத்துச் சிறை சென்றவரும் ராணுவ அதிகாரியும் ஒரே முகாமில் சேர்ந்து உழைத்தனர். விடியலில் எழுதல், வேலை நேரம், பொறுப்புகளைப் பகிர்தல் ஆகியவற்றில் ராணுவத்துக்கு நிகரான கட்டுப்பாடு கடைப்பிடிக்கப்பட்டது. அமைதிப் பணி என்பது சோம்பேறிகளின் புகலிடம் என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே பதிலாக அமைந்தது.

அதன் பின்னர் சுவிட்சர்லாந்தின் வேறு மலைப்பகுதிகளிலும் முகாம்கள் தொடர்ந்தன. ஐரோப்பா முழுவதும் கவனிக்கப்பட்ட பணி லிக்டன்ஸ்டைனில் நடைபெற்றது. 1927 செப்டம்பர் 25-ஆம் தேதி ரைன் ஆற்றின் கரை உடைந்து, அச்சிறு நாட்டின் வயல்வெளிகளில் வெள்ளம் பாய்ந்தது. நீர் வடிந்தபோது விளைநிலங்கள் மணலாலும் சரளைக் கற்களாலும் மூடப்பட்டிருந்தன. 1928-ல் 20-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 700-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், மாதக்கணக்கில் அந்த நிலங்களை மீட்கும் பணியில் ஈடுபட்டனர். மாணவர், தொழிலாளர், ஆசிரியர், அலுவலர் எனப் பலரும் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக வரிசையில் நின்றனர். அக்கால வழக்கப்படி பெண் தன்னார்வலர்கள் பெரும்பாலும் சமையல், துணி துவைத்தல் ஆகிய பணிகளைக் கவனித்தனர். யாருக்கும் ஊதியம் இல்லை.

1930-ல் தெற்கு பிரான்சில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, லகார்ட் என்ற ஊரில் இக்குழுவினர் சீரமைப்புப் பணி செய்தனர். பத்தாண்டுகளுக்கு முன் பன்னாட்டுக் குழுவுக்கு வழியடைத்த அதே நாட்டில், இம்முறை கதவு திறந்திருந்தது. 1931-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், சுரங்கத் தொழில் நலிந்து வேலையின்மையில் தவித்த பிரின்மார் என்ற ஊரில் முகாம் நடைபெற்றது. நிலக்கரிக் கழிவு மேடுகளாகக் கிடந்த இடத்தில், உள்ளூர் மக்களும் வெளிநாட்டினரும் இணைந்து பூங்காவும் நீச்சல் குளமும் அமைத்தனர்.

இம்முகாம்களின் அனுபவத்திலிருந்து சில நெறிகள் உருவாயின. பாதிக்கப்பட்ட மக்களுக்கு உண்மையில் தேவைப்படும் பணியையே ஏற்க வேண்டும். கூலிக்கு வேலை செய்வோரின் பிழைப்பைக் கெடுக்கும் பணியில் இறங்கக் கூடாது. உதவி பெறுவோர் வேடிக்கை பார்ப்பவர்களாக இல்லாமல் உடன் உழைப்பவர்களாக இருக்க வேண்டும். நாடு, மொழி, சமயம், அரசியல் கருத்து ஆகியவற்றின் பெயரால் யாரையும் விலக்கக் கூடாது. எஸ்ன் முகாம் மூடப்பட்டதற்குக் காரணமான அந்தக் கடைசி நெறியை அவர் எக்காலத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை.

பீகாரில் செரெசோல்

லண்டன் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்ற காந்தியடிகள், இந்தியா திரும்பும் வழியில் 1931 டிசம்பரில் எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்தைக் காண சுவிட்சர்லாந்து சென்றார். லோசானிலும் ஜெனீவாவிலும் அவர் கூட்டங்களில் பேசினார். அப்பயணத்தின்போது செரெசோலுக்கு அவருடன் அறிமுகம் ஏற்பட்டது. இந்தியாவில் நடைபெறும் வன்முறையற்ற போராட்டம் அவரை ஏற்கெனவே ஈர்த்திருந்தது.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பிற்பகல் பீகாரையும் நேபாளத்தையும் கடும் நிலநடுக்கம் தாக்கியது. முங்கேர், முசாபர்பூர் உள்ளிட்ட நகரங்கள் இடிந்து விழுந்தன. 10,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். நிலம் பிளந்து நீரும் மணலும் பீறிட்டு, வட பீகாரின் வயல்களை மூடின; கிணறுகள் தூர்ந்தன. நிலமட்டம் மாறியதால், மழைக்காலத்தில் பல கிராமங்கள் நீரில் மூழ்கும் ஆபத்து எழுந்தது. சிறையில் இருந்த ராஜேந்திர பிரசாத் விடுவிக்கப்பட்டு, பீகார் மத்திய நிவாரணக் குழுவை வழிநடத்தினார்.

லிக்டன்ஸ்டைனில் மணல் மூடிய வயல்களை மீட்ட அனுபவம் கொண்ட செரெசோல், அச்செய்தியைக் கேட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 54. முதலில் நிலைமையைக் கண்டறிந்து, ராஜேந்திர பிரசாத் உள்ளிட்டோருடன் கலந்துபேசினார். மழைநீர் சூழும் கிராமங்களை மேட்டுநிலத்துக்கு மாற்றி அமைப்பது என்று முடிவாயிற்று. தாயகம் சென்று ஏற்பாடுகளைச் செய்துவிட்டு, ஐரோப்பியத் தோழர்கள் சிலருடன் மீண்டும் வந்தார். முசாபர்பூர் மாவட்டத்தில் 1937 வரை நடைபெற்ற அப்பணியில் உருவான புதிய கிராமத்துக்கு, அமைதியின் ஊர் என்று பொருள்படும் சாந்திபூர் என்ற பெயர் வழங்கியது.

அப்பணி இரண்டு கடினமான கேள்விகளை அவர் முன் வைத்தது. முதலாவது, அரசியல் தொடர்பானது. நாட்டை ஆள்வது பிரிட்டிஷ் அரசு. மக்களின் நம்பிக்கையைப் பெற்றிருப்பது விடுதலைப் போராட்டத் தலைவர்கள். ஒரு தரப்பை மட்டும் அணுகினால் மறுதரப்பின் கதவு மூடப்படும். செரெசோல் இரு தரப்புடனும் இணைந்து பணியாற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தார். ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய அரசு அதிகாரிகளும் நிவாரணக் குழுவினரும் ஒரு கிராமத்தின் வரைபடத்தை முன்வைத்துப் பேச அது வாய்ப்பளித்தது.

இரண்டாவது கேள்வி இன்னும் நேரடியானது. மண் சுமக்க ஆள் கிடைக்காத நாடன்று இந்தியா. வறுமையில் வாடும் லட்சக்கணக்கானோர் சொற்பக் கூலிக்கு அந்த வேலையைச் செய்யக் காத்திருந்தனர். அப்படியிருக்க, கடல் கடந்து வந்த சில ஐரோப்பியர்கள் கடும் வெயிலில் மண் சுமப்பதால் என்ன பயன்? உடலுழைப்பின் அளவை மட்டும் கணக்கிட்டால் பயன் மிகச் சிறிது. ஆனால் ஆளும் இனத்தவரின் தோற்றம் கொண்ட ஒருவர், அதுவும் முனைவர் பட்டம் பெற்ற பொறியாளர், கிராமத்து விவசாயிக்குப் பக்கத்தில் நின்று கூடையைத் தூக்கியது அக்காலத்தில் எவரும் காணாத காட்சி. படித்தவர் மண்ணைத் தொடுவது இழிவு என்று கருதப்பட்ட சமூகத்தில் அது எழுப்பிய கேள்வி, கட்டப்பட்ட வீடுகளின் எண்ணிக்கையால் அளக்கத் தக்கதன்று. நிலத்தை அளத்தல், வடிகால் திட்டமிடல், கணக்கு வைத்தல் ஆகிய பணிகளில் அவரது பொறியியல் அறிவும் துணைநின்றது. கூலி வேலை தேவைப்பட்ட கிராம மக்களுக்கு அது மறுக்கப்படவும் இல்லை.

இந்தியாவிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாக வெளியாகி, ஐரோப்பிய இளைஞர்களிடையே ஆர்வத்தைத் தூண்டின. ஐரோப்பிய நாடுகளுக்குள் நடைபெற்ற ஓர் இயக்கம் கண்டம் கடந்தது பீகார் பணியின் வழியாகத்தான். அவர் நிறுவிய சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பின்னாளில் இந்தியாவிலும் கிளை பரப்பியது.

இறுதி ஆண்டுகள்

செரெசோல் தாயகம் திரும்பிய காலத்தில் ஐரோப்பா மீண்டும் போரை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. இருபது ஆண்டு உழைப்பு கண்முன்னே பொய்த்துப்போவதாகத் தோன்றிய நாட்கள் அவை. எல்லை கடந்து நட்பு வளர்த்த இளைஞர்கள் பலர் வெவ்வேறு ராணுவங்களின் சீருடையை அணிய நேர்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அவர் ஹிட்லரின் ஜெர்மனிக்குள் அனுமதியின்றி இருமுறை எல்லை கடந்து சென்றார். சாதாரண ஜெர்மானியரிடம் மனிதருக்கு மனிதராகப் பேச வேண்டும் என்பதே அவரது நோக்கம். இரு முறையும் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். எல்லை மீறல், போர்க்கால இருட்டடிப்பு விதிகளை மறுத்தல் போன்ற காரணங்களுக்காகத் தாயகத்தில் சிறை வைக்கப்பட்டார். நண்பர்களில் சிலருக்கே அச்செயல் வீண் பிடிவாதமாகத் தோன்றியது. போரை நிறுத்தும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதில் ஐயமில்லை.

1941-ல் லீஸ் தவீது என்பவரை மணந்த அவர், சிறைவாசங்களுக்குப் பின் உடல்நலம் குன்றினார். போர் முடிந்த சில மாதங்களில், 1945 அக்டோபர் 23-ஆம் தேதி, லோசான் அருகே லுத்ரியில் தமது 66-ஆவது வயதில் காலமானார்.

அவருக்குப் பின்

போருக்குப் பின் இடிபாடுகளாகக் கிடந்த ஐரோப்பிய நகரங்களில் தன்னார்வ முகாம்கள் மீண்டும் முளைத்தன. 1948-ல் யுனெஸ்கோ ஆதரவுடன் சர்வதேசத் தன்னார்வச் சேவை அமைப்புகளின் ஒருங்கிணைப்புக் குழு உருவானது. செரெசோலின் அமைப்பும் அதில் பங்கேற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-ல் இளைஞர்களுக்கான ஐரோப்பியத் தன்னார்வச் சேவைத் திட்டத்தைத் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டைத் தன்னார்வப் பணிக்கான ஐரோப்பிய ஆண்டாகக் கடைப்பிடித்தது. 2016 டிசம்பரில் ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படை என்ற திட்டத்தையும் அறிமுகப்படுத்தியது. பயணம், தங்குமிடம், காப்பீடு ஆகியவற்றை ஏற்று இளைஞர்களை வேறு நாடுகளுக்கு அனுப்பும் இத்திட்டங்களிலும், தன்னார்வலர் ஊதியப் பணியாளரின் இடத்தைப் பறிக்கக் கூடாது என்ற பழைய நெறி தொடர்கிறது.

இந்தியாவில் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-ஆம் தேதி தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், கல்லூரி மாணவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்கிறது. அதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, படித்தவர் கிராமத்தில் மண்வெட்டி பிடிக்கலாம் என்பதை முசாபர்பூர் மக்கள் நேரில் கண்டிருந்தனர்.

இன்று வெள்ளமோ புயலோ தாக்கினால், உதவி செய்ய முன்வருவோருக்குப் பஞ்சமில்லை. உணவுப் பொட்டலங்களும் பழைய துணிகளும் முதல் வாரத்தில் வந்து குவிகின்றன. வயலில் படிந்த மணல் மட்டும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. லிக்டன்ஸ்டைனிலும் பீகாரிலும் செரெசோல் தேடிச் சென்றது மற்றவர்கள் திரும்பிச் சென்ற பின் எஞ்சியிருந்த அந்த வேலையைத்தான். பாதிக்கப்பட்டோர் எதைக் கேட்கிறார்கள், யாருடைய கூலி பாதிக்கப்படும், யார் யாருடன் சேர்ந்து உழைக்கப் போகிறார்கள் ஆகிய மூன்றையும் முதலில் கேட்டறிந்த பின்னரே அவரது குழு மண்வெட்டியை எடுத்தது.

செரெசோல் தமது சொந்த நாட்டில் கேட்ட உரிமை அவர் வாழ்ந்த காலத்தில் கிடைக்கவில்லை. 1992-ல் நடைபெற்ற பொது வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமான சுவிஸ் வாக்காளர்கள், ராணுவச் சேவைக்கு மாற்றான குடிமைச் சேவையை ஆதரித்தனர். அதற்கான சட்டம் 1996 அக்டோபர் 1-ஆம் தேதி, அவர் மறைந்து 51 ஆண்டுகள் நிறைவடையவிருந்த நிலையில், நடைமுறைக்கு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது.